சோகோல் இயக்கத்தின் வரலாற்றையும் ஓவியங்களையும் பள்ளியில் காட்சிப்படுத்துவது எப்படி

குமரி மாவட்டத்துப் பள்ளிகளின் விளையாட்டு விழாக்களுக்குச் சென்றிருப்பவர்கள் மாஸ் டிரில்லைப் பார்த்திருப்பார்கள். வெள்ளைச் சீருடை அணிந்த மாணவர்கள் வரிசை வரிசையாக நின்று ஒரே நேரத்தில் கை உயர்த்துவார்கள், ஒரே நேரத்தில் குனிவார்கள், முடிவில் ஒருவர் தோளில் ஒருவர் ஏறிப் பிரமிடு அமைத்து நிற்பார்கள். இத்தகைய காட்சியைத் தேசிய அளவில் ஒரு கலையாகவே வளர்த்தெடுத்தவர்கள் செக் மக்கள். 1862-இல் பிராக் நகரில் தோன்றிய சோகோல் என்னும் உடற்பயிற்சி இயக்கம் அதைச் செய்தது. அந்த இயக்கத்தைப் பற்றி ஒரு பள்ளியிலோ ஊர்ப் படிப்பகத்திலோ சிறிய கண்காட்சி ஒன்றை அமைக்க விரும்பும் ஆசிரியர்களுக்கும் நூலகக் குழுவினருக்கும் இக்கட்டுரை வழிகாட்டும்.

படங்களைத் தேடத் தொடங்கும் முன்பே, கண்காட்சி எதைச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துகொள்வது நல்லது. சோகோலைப் பற்றி விளையாட்டு வரலாறு, அரசியல் வரலாறு, ஓவிய வரலாறு என்று தனித்தனியாக எழுதப்பட்டவை ஏராளம். மூன்றையும் இணைக்கும் புள்ளி ஒன்று உண்டு. இயக்கத்தைத் தோற்றுவித்த மிரோஸ்லாவ் டிர்ஷ் அடிப்படையில் ஓர் அழகியல் அறிஞர், கலை வரலாற்றாசிரியர். கிரேக்கச் சிற்பங்களின் முன்னால் நின்று கற்றுக்கொண்டதை அவர் உயிருள்ள மனிதர்களின் உடலில் வரைய முயன்றார். எனவே சோகோலின் கொடி, சீருடை, சுவரொட்டி, மைதானம் ஆகியவற்றை உடற்பயிற்சிக்குப் பிறகு சேர்க்கப்பட்ட அலங்காரங்களாகக் கருதக் கூடாது. அவை உடற்பயிற்சியோடு ஒன்றாகப் பிறந்தவை. என் கருத்தில், பார்வையாளர் கண்காட்சியை விட்டு வெளியேறும்போது இந்த ஓர் உண்மை அவர் மனத்தில் நின்றால் போதும். ஒவ்வொரு பலகையையும் இந்த அளவுகோலால் அளந்து, இதற்கு உதவாத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒதுக்கிவிட வேண்டும்.

வரலாற்றை எந்த அளவுக்குச் சொல்வது

முதல் பலகை காலச் சூழலைச் சொல்ல வேண்டும். செக் மக்கள் வாழும் பொஹீமியா அன்று ஆஸ்திரியப் பேரரசின் ஒரு பகுதி. 1859-இல் இத்தாலியில் ஏற்பட்ட தோல்விக்குப் பின் வியன்னா அரசு தன் பிடியைச் சற்றுத் தளர்த்தவே, செக் மொழி பேசுவோர் சங்கங்கள் அமைக்கும் வாய்ப்பைப் பெற்றனர். ஜெர்மானியர்களிடையே ஃப்ரீட்ரிக் லுட்விக் யான் 1811-இல் பெர்லினில் தொடங்கிய டூர்னர் உடற்பயிற்சி இயக்கம் அதற்குள் வேரூன்றியிருந்தது. செக் மக்களுக்கும் அப்படி ஓர் அமைப்பு வேண்டும் என்ற எண்ணத்தில் 1862 பிப்ரவரி 16 அன்று பிராக் சோகோல் தொடங்கப்பட்டது. வல்லூறு என்று பொருள்படும் பெயரையும் அந்தப் பறவையின் உருவத்தையும் இயக்கம் ஏற்றுக்கொண்டது.

தோற்றுநர் இருவரும் ஜெர்மானியப் பின்னணியிலிருந்து வந்தவர்கள் என்பதைப் பார்வையாளர் அறிந்துகொள்வது அவசியம். 1832-இல் பிறந்த டிர்ஷின் இயற்பெயர் ஃப்ரீட்ரிக் எமானுவேல் டிர்ஷ். இளமையிலேயே பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளர்ந்த அவர், செக் அடையாளத்தைத் தாமே தேர்ந்துகொண்டு தம் பெயரையும் மாற்றிக்கொண்டார். காப்பீட்டுத் தொழிலில் ஈடுபட்டிருந்த வணிகரான யிந்த்ரிஷிக் ஃபூக்னர் முதல் தலைவரானார். தம் செல்வத்தைச் செலவிட்டு அவர் எழுப்பிய உடற்பயிற்சிக் கூடத்தை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் உல்மன். ஃபூக்னர் 1865-இலேயே காலமானார். அவர் மகள் ரெனாட்டா பின்னர் டிர்ஷை மணந்தார். நாட்டார் உடைகளையும் பூவேலைகளையும் ஆராய்ந்து எழுதி, தம் அளவில் மதிப்புமிக்க கலை அறிஞராக விளங்கினார். ஒரு தேசம் பிறப்பால் மட்டும் அமைவதில்லை என்பதை மாணவர்களுக்குச் சொல்ல இந்தக் குடும்பத்தின் கதையைவிடப் பொருத்தமான சான்று கிடைக்காது.

பின்வந்த வளர்ச்சியை விரைவாகச் சொல்லிவிடலாம். 1863-இல் லியுப்லியானாவிலும், 1867-இல் இன்று லிவிவ் எனப்படும் நகரில் போலந்து மக்களிடையேயும், 1874-இல் சாக்ரெபிலும் இதே முறையில் அமைப்புகள் தோன்றின. கடல் கடந்து சென்ற செக் குடியேறிகள் 1865-இலேயே அமெரிக்காவின் செயின்ட் லூயிசில் ஒரு கிளையைத் தொடங்கிவிட்டனர். இவற்றை ஒரே நிலப்படத்தில் புள்ளிகளாகக் குறித்துவிட்டால் தனிப் பலகை தேவைப்படாது. செக் மக்கள் அனைவரும் சோகோலில் இருந்தார்கள் என்ற எண்ணம் ஏற்பட்டுவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். தொழிலாளர்கள் 1897 முதல் தங்களுக்கென்று தனி உடற்பயிற்சிச் சங்கங்களை அமைத்துக்கொண்டனர். கத்தோலிக்கர்களுக்குக் கழுகின் பெயர் தாங்கிய வேறொரு அமைப்பு இருந்தது.

படங்களைத் திரட்டுதலும் அச்சிடுதலும்

ஓவியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்துவிட்டால் இந்தியச் சட்டப்படி அவருடைய படைப்பின் பதிப்புரிமை முடிந்துவிடுகிறது. சோகோல் கொடியை வரைந்த யோசெஃப் மானெஸ் 1871-இலும், புகழ்பெற்ற சுவரொட்டியை வரைந்த அல்ஃபோன்ஸ் முஹா 1939-இலும் காலமானார்கள். ஆகவே இருவருடைய படங்களையும் அச்சிடத் தடை இல்லை. விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் நல்ல தரமுள்ள படிகளைத் தேடலாம். ஒளிப்படங்களைப் பொறுத்தவரை ஒவ்வொன்றின் கீழும் தரப்பட்டுள்ள உரிமக் குறிப்பைப் படித்துவிட்டே எடுக்க வேண்டும். பிராகில் உள்ள தேசிய அருங்காட்சியகம் உடற்பயிற்சி வரலாற்றுக்கென்று தனிச் சேகரிப்பையே வைத்திருக்கிறது; அதன் படங்கள் தேவைப்பட்டால் மின்னஞ்சலில் அனுமதி கேட்டுப் பெறுவதே முறை.

ஏ2 அளவில் அச்சிட ஏறத்தாழ 2,500-க்கு 3,500 பிக்சல் உள்ள படம் வேண்டும். அதைவிடச் சிறிய படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் முஹாவின் கோடுகள் மங்கிவிடும். அவருடைய கலையின் உயிர் அந்தக் கோடுகளில்தான் இருக்கிறது என்பதால் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. பெரிய படம் கிடைக்காதபோது ஏ4 அளவிலேயே தெளிவாக அச்சிட்டு, பார்வையாளரை அருகில் வரச் செய்வது மேல்.

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் உள்ள அச்சகங்களில் கேட்டால் முதலில் பிளெக்ஸைத்தான் பரிந்துரைப்பார்கள். அது மலிவு, மழைக்கும் தாங்கும். ஆனால் அதன் பளபளப்பு பழைய கல்லச்சுச் சுவரொட்டியின் மென்மையான நிறத்தைக் கெடுத்துவிடும்; சன்னல் வெளிச்சம் பட்டால் படமே தெரியாது. பளபளப்பில்லாத வினைல் தாளில் அச்சிட்டுச் சன்போர்டில் ஒட்டித் தரச் சொன்னால் நிறம் நிற்கும், பலகையும் வளையாது. நம் மாவட்டத்துக்கு ஜூனில் தென்மேற்குப் பருவமழையும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையும் வருகின்றன. இரு காலங்களிலும் பள்ளிச் சுவர்கள் ஈரம் கசியும். அதனால் பலகைகளைச் சுவரில் நேராக ஒட்டாமல், ஓர் அங்குல இடைவெளி இருக்குமாறு மரச்சட்டத்தில் கயிறு கட்டித் தொங்கவிட வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள வறண்ட நாட்களில் நடத்த முடிந்தால் இந்தக் கவலை பெருமளவு குறையும்.

மானெஸின் கொடியும் சீருடையும்

ஓவியப் பகுதியை மானெஸிலிருந்து தொடங்குங்கள். அன்றைய செக் ஓவியர்களில் முதன்மையானவர் அவர். பிராக் நகரின் பழைய நகரமன்றக் கோபுரத்தில் இருக்கும் வானியல் கடிகாரத்துக்கு, பன்னிரு மாதங்களின் உழவர் வாழ்வைச் சித்திரிக்கும் வட்டத் தகட்டை 1860-களில் வரைந்தவரும் அவரே. மொராவியக் கிராமங்களில் அலைந்து மக்களின் முகங்களையும் உடைகளையும் கோட்டோவியங்களாகத் திரட்டியிருந்த அந்தக் கலைஞரிடம் 1862-இல் டிர்ஷ் ஒரு புதிய சங்கத்தின் கொடியை வரையும் பணியை ஒப்படைத்தார். சிவப்புத் துணியில் வல்லூறு அமைந்த அந்தக் கொடிக்கு ஞானத்தாயாக இருந்தவர் எழுத்தாளர் கரோலினா ஸ்வெட்லா.

சீருடையின் வடிவமைப்பிலும் மானெஸின் கை உண்டு. இந்தப் பலகைக்கு முன்னால் பார்வையாளரைச் சற்று நிறுத்தி, உடையை மேலிருந்து கீழாகப் படிக்கச் சொல்லுங்கள். தொப்பியில் செருகிய வல்லூற்றின் இறகு இயக்கத்தின் பெயரைச் சொல்கிறது. சிவப்புச் சட்டை இத்தாலிய விடுதலை வீரர் கரிபால்டியின் தொண்டர்கள் அணிந்ததை நினைவூட்டுகிறது. கரிபால்டி எந்தப் பேரரசை எதிர்த்தவர் என்பதைப் பிராக் மக்கள் அறிந்திருந்தார்கள். தோளில் போட்டுக்கொள்ளும் மேலங்கி ஸ்லாவிய வழக்கிலிருந்து எடுக்கப்பட்டது. தடை செய்யக்கூடிய ஒரு சொல்லும் அந்த உடையில் எழுதப்படவில்லை. ஆயினும் தெருவில் நடந்து செல்லும் ஒருவர் தம் அரசியலை முழுவதுமாக அறிவித்துக்கொண்டு சென்றார். மாணவர்கள் இதைப் புரிந்துகொள்ள, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கோடு இழுத்து ஓரத்தில் ஒரே வரியில் குறிப்பு எழுதினால் போதும். பத்தி பத்தியாக எழுத வேண்டாம்.

உறுப்பினர்கள் தொழிற்சாலை முதலாளியானாலும் தையற்காரரானாலும் ஒருவரையொருவர் சகோதரன் என்றே அழைத்தார்கள், நாஸ்தார் என்று வாழ்த்தினார்கள். ஒரே உடை, ஒரே விளி என்ற இந்த ஏற்பாட்டை, உடைக்கும் தோள்சீலைக்கும் போராடிய தென்திருவிதாங்கூர் மண்ணில் விளக்குவது எளிது. நம் ஊர்ப் பெரியவர்களுக்கு உடை என்பது எத்தனை கனமான செய்தி என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

டிர்ஷின் கண்

அடுத்த பலகை டிர்ஷின் சிந்தனைக்கு. பாம்புகளின் பிடியில் திணறும் தந்தையையும் மகன்களையும் காட்டும் பண்டைய லாவோகூன் சிற்பத் தொகுதியைப் பற்றி அவர் 1873-இல் ஆய்வு நூல் வெளியிட்டார். உடற்பயிற்சியின் அடிப்படைகளை வகுத்த அவருடைய நூலும் அந்தக் காலத்தைச் சேர்ந்ததே. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டுவதே இந்தப் பலகையின் நோக்கம். ஒரு பக்கம் லாவோகூன் சிற்பத்தின் படம், மறுபக்கம் கம்பி வளையங்களில் தொங்கும் சோகோல் வீரரின் பழைய ஒளிப்படம். முறுக்கிய உடல், விரிந்த மார்பு, எங்கே விசை தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் கண்ணால் தொடர்ந்து செல்ல முடிகிற அமைப்பு ஆகியவற்றை ஒப்பிடச் சொன்னால், எட்டாம் வகுப்பு மாணவர்கூடத் தாமாகவே கண்டுபிடித்துச் சொல்வார்.

பயிற்சிகளை டிர்ஷ் நான்கு பெரும் பிரிவுகளாக வகுத்தார். கருவி இன்றிச் செய்பவை, கருவியுடன் செய்பவை, பலர் சேர்ந்து அமைக்கும் பிரமிடு போன்ற கூட்டுப் பயிற்சிகள், எதிராளியுடன் மோதுபவை என்பன அவை. செக் மொழியில் அதுவரை இல்லாத கலைச்சொற்களையும் அவரே படைத்தளித்தார். இசைவான, அளவான, எல்லாத் திசையிலும் வளர்ந்த உடல் என்பது அவருடைய இலக்கு. ஒரு தசை மட்டும் பருத்துப்போவதை அவர் அழகின் கண்ணால் பார்த்தே குறையாகக் கருதினார்.

இந்த இடத்தில் நம் மாவட்டத்து அடிமுறைக் களரியோடு ஒப்பிடத் தோன்றும். ஒப்பிடவும் வேண்டும், ஆனால் கவனமாகச் செய்ய வேண்டும். களரியில் ஆசான் ஒவ்வொரு மாணவரின் உடலையும் தனித்தனியே அறிந்து சுவடு சொல்லித் தருகிறார். வர்ம அறிவு தகுதி பார்த்தே கைமாறுகிறது. பார்வையாளர் அங்கே தேவையில்லை. சோகோலில் பயிற்சி அச்சிட்ட நூலில் வெளிப்படையாக இருந்தது. ஆயிரம் பேர் ஒரே அசைவைக் கற்றனர். பார்க்கப்படுவதே அதன் பாதிப் பொருளாக இருந்தது. இரண்டுக்கும் ஏதோ பழைய உறவு இருப்பதுபோல எழுதிவிடக் கூடாது. அருகில் களரி நடத்தும் ஆசான் ஒருவரை அழைத்து, இந்தப் பலகையைக் காட்டி, அவர் சொல்வதை அவர் சொற்களிலேயே ஓர் அட்டையில் எழுதி, அவர் சம்மதத்துடன் பக்கத்தில் வைத்தால் கண்காட்சி நம் மண்ணில் கால் ஊன்றும்.

முஹாவின் சுவரொட்டியைப் படிக்கும் முறை

கண்காட்சியின் நடுவில், வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில், 1912-ஆம் ஆண்டின் ஆறாவது ஸ்லெட் விழாவுக்காக அல்ஃபோன்ஸ் முஹா வரைந்த சுவரொட்டியை வையுங்கள். ஸ்லெட் என்பது சோகோல் கிளைகள் அனைத்தும் பிராகில் கூடி நடத்திய பெருவிழா. முதலாவது 1882-இல் வல்தாவா ஆற்றின் தீவு ஒன்றில், ஏறத்தாழ 700 வீரர்களுடன் நடந்தது. 1912-இல் விழா பலமடங்கு பெருகியிருந்தது. அதை அறிவிக்கும் பொறுப்பு, பாரிசில் நாடகச் சுவரொட்டிகளால் பெரும்புகழ் பெற்றுத் தாய்நாடு திரும்பியிருந்த முஹாவிடம் வந்தது.

ஓர் உடற்பயிற்சி விழாவின் சுவரொட்டியில் உடற்பயிற்சி செய்பவர் ஒருவர்கூட இல்லை என்பதைப் பார்வையாளர் முதலில் கவனிக்கட்டும். முன்னால் நிற்பவள் ஓர் இளம்பெண். அவள் தலையில் இருப்பது கோட்டைச் சுவர் வடிவக் கிரீடம். அவள் பிராக் நகரமே. அவள் ஏந்தியிருக்கும் மாலைகள் ஸ்லாவிய மக்கள் போற்றும் லிண்டன் மரத்தின் இலைகளால் ஆனவை. ஆடையின் சிவப்பு சோகோலின் சிவப்பு. அவளுக்குப் பின்னால், நிழலும் ஒளியும் கலந்த வானத்தில் பெரிய உருவம் ஒன்று வல்லூற்றுடன் தோன்றுகிறது. அது ஸ்லாவிய இனத்தின் ஆவியுருவம். முன்னால் இருப்பது நகரம், பின்னால் இருப்பது இனம், இரண்டையும் இணைப்பது பறவை என்று படித்தால் படத்தின் அமைப்பு விளங்கிவிடும்.

பிறகு முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பாரிஸ் காலத்து முஹாவின் பெண்கள் பலர் கனவில் ஆழ்ந்து பக்கவாட்டில் திரும்பியிருப்பார்கள். இவள் நேராக நம்மைப் பார்க்கிறாள். அது அழைப்பின் பார்வை என்று சிலர் சொல்வார்கள், எச்சரிக்கை என்று சிலர் சொல்வார்கள். விழா நடந்தது ஆஸ்திரிய ஆட்சியின் கீழ் என்பதை நினைவூட்டிவிட்டு விவாதத்தை மாணவர்களிடமே விட்டுவிடலாம். மூன்றே ஆண்டுகளில், 1915-இல், போரின் நடுவே அரசு சோகோலைத் தடை செய்தது என்பதைப் படத்தின் கீழ் எழுத மறக்க வேண்டாம். எனக்கு இந்தச் சுவரொட்டி முஹாவின் மற்ற எல்லாச் சுவரொட்டிகளையும்விட உயர்ந்ததாகத் தோன்றுகிறது. ஏனெனில் அவருடைய அலங்காரக் கோடு இங்கேதான் ஒரு பொறுப்பைச் சுமக்கிறது.

இதையொட்டி மாணவர்களுக்கு ஓர் ஓவியப் பணி தரலாம். முஹா பிராகைக் கிரீடத்தாலும் இலையாலும் அடையாளம் காட்டினார். நம் மாவட்டத்து விழா ஒன்றுக்கு எந்த அடையாளங்களால் சுவரொட்டி வரைவீர்கள் என்று கேளுங்கள். 133 அடி வள்ளுவர் சிலை உடனே எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அதை ஒதுக்கிவிட்டு யோசிக்கச் சொன்னால் பனை, மாத்தூர் தொட்டிப்பாலத்தின் தூண்கள், முட்டத்துக் கலங்கரை விளக்கம், ரப்பர் மரத்தில் கட்டிய சிரட்டை, பத்மநாபபுரம் அரண்மனையின் மரச்செதுக்கு என்று விரியும். அடையாளங்களை மூன்றுக்கு மேல் சேர்க்கக் கூடாது என்ற கட்டுப்பாடு வேண்டும். எதை விடுவது என்று தீர்மானிக்கும்போதுதான் சுவரொட்டிக் கலை பிடிபடும்.

மைதானமே ஓவியமாகும்போது

பெண்கள் இந்தக் கதையில் எங்கே என்ற கேள்வி இதற்குள் எழுந்திருக்க வேண்டும். எழாவிட்டால் நீங்களே எழுப்புங்கள். பிராகின் பெண்களுக்கான உடற்பயிற்சிச் சங்கம் 1869-இலேயே தோன்றியது. அதை முன்னின்று நடத்திய ஆசிரியை கிளெமென்யா ஹனுஷோவா. ஆயினும் ஸ்லெட் மைதானத்தில் பெண்கள் பயிற்சி செய்ய 1901 வரை காத்திருக்க நேர்ந்தது. சுவரொட்டியில் நகரமாகவும் இனமாகவும் வரையப்பட்ட பெண், மைதானத்தில் ஓர் உறுப்பினராக இறங்க இத்தனை காலம் ஆனது. இரண்டு படங்களையும் எதிரெதிரே தொங்கவிட்டால் விளக்கமே தேவைப்படாது.

1918-இல் செக்கோஸ்லோவாக்கியா விடுதலை பெற்றபின் சோகோல் புதிய குடியரசின் பெருமையாக ஆனது. பிராகின் சிறுநகர்ப் பகுதியில் உள்ள பழைய மாளிகை ஒன்று டிர்ஷின் பெயரால் அதன் தலைமையகமானது. 1926-இன் எட்டாவது ஸ்லெட்டுக்காக ஸ்ட்ராஹோவ் குன்றில் ஒரு மைதானம் உருவாயிற்று. அதன் தளம் ஏறத்தாழ 300 மீட்டர் நீளமும் 200 மீட்டர் அகலமும் கொண்டது. இங்கே எடுக்கப்பட்ட ஒளிப்படங்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே மைதானத்தை இரண்டு உயரங்களிலிருந்து காட்டுவது அவசியம். மேலிருந்து எடுத்த படத்தில் மனிதர்கள் புள்ளிகளாகி, புள்ளிகள் கோலமாகி, காற்றில் அசையும் வயல்போல் தெரியும். தரைமட்டத்தில் எடுத்த படத்தில் வியர்த்த நெற்றி, பக்கத்தில் நிற்பவரை ஓரக்கண்ணால் பார்க்கும் ஒரு முகம், இறுகிய கை ஆகியவை தெரியும். மேலிருந்து எடுத்த படத்தை மட்டும் வைத்தால் மனிதர்கள் மறைந்துபோவார்கள். கண்காட்சி வெறும் பிரமிப்பில் நின்றுவிடும்.

இசைக்கும் இதில் இடம் உண்டு. யோசெஃப் சூக் 1920-இன் ஸ்லெட்டுக்காக அமைத்த புதுவாழ்வை நோக்கி என்னும் அணிவகுப்பு இசை, 1932-இன் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் கலைப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றது. அன்று ஒலிம்பிக்கில் ஓவியத்துக்கும் இசைக்கும்கூடப் பதக்கம் இருந்தது என்பதே பல மாணவர்களுக்கு வியப்பாக இருக்கும். அந்த இசையைக் கண்காட்சி அறையில் மெல்லிய ஒலியில் ஓடவிடலாம்.

அடுத்து வரும் இருண்ட ஆண்டுகளுக்குப் படம் குறைவாகவும் எழுத்து மிகுதியாகவும் இருக்க வேண்டும். 1938 ஜூலையில் நடந்த பத்தாவது ஸ்லெட்டில் 25,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் ஒரே நேரத்தில் செய்த பயிற்சிக்குக் குடியரசுக்கு உறுதிமொழி என்று பெயர். மூன்று மாதம் கழிவதற்குள், ஹிட்லருடன் பிரிட்டனும் பிரான்சும் இத்தாலியும் செய்துகொண்ட மியூனிக் ஒப்பந்தம் அந்தக் குடியரசைக் கூறுபோட்டது. 1941 அக்டோபர் 8-ஐ ஒட்டிய இரவில் நாஜி ஆட்சி சோகோல் பொறுப்பாளர்களில் ஏறத்தாழ 1,500 பேரைக் கைது செய்தது. பலர் முகாம்களிலிருந்து திரும்பவில்லை. எஞ்சியவர்களில் பலர் மறைமுக எதிர்ப்பில் ஈடுபட்டு, பிராகில் நாஜி ஆட்சியின் தலைவராக இருந்த ஹைட்ரிக்கைத் தாக்க வந்த வான்குடை வீரர்களுக்குப் புகலிடம் தந்தார்கள். 1948-இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்த சில மாதங்களில் நடந்த ஸ்லெட் ஊர்வலத்தில், அணிவகுத்தவர்கள் புதிய தலைவர் நின்ற மேடையைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு, பதவி விலகியிருந்த முன்னாள் குடியரசுத் தலைவர் பெனெஷின் பெயரை முழங்கினார்கள். அணிவகுப்பின் இலக்கணத்தைத் தலைமுறைகளாகக் கற்ற மக்கள், அதே இலக்கணத்தால் மறுப்பைச் சொன்ன தருணம் அது. இயக்கம் மீண்டும் ஒடுக்கப்பட்டது.

1955 முதல் அதே ஸ்ட்ராஹோவ் மைதானத்தில் அரசு ஸ்பார்டகியாட் என்ற பெயரில் கூட்டு உடற்பயிற்சி விழாக்களை நடத்தியது. ஒரு ஸ்லெட் படத்தையும் ஒரு ஸ்பார்டகியாட் படத்தையும் தலைப்பு இல்லாமல் அருகருகே வைத்து, எது எது என்று கேளுங்கள். பெரும்பாலோரால் சொல்ல முடியாது. உடல்களின் ஒழுங்கு மட்டும் ஓர் இயக்கத்தின் உள்ளத்தைக் காட்டிவிடாது, யார் அழைத்தார்கள், வராமல் இருக்க உரிமை இருந்ததா என்று படத்துக்கு வெளியே சென்று கேட்க வேண்டும் என்பதை இந்தப் பலகை கற்றுத்தரும். இதைத் தவிர்த்துவிட்டு நடத்தும் கண்காட்சியை நான் பரிந்துரைக்க மாட்டேன். சோகோல் 1990-இல் மீண்டும் உயிர்பெற்று இன்றும் இயங்குகிறது; 2024-இல் பிராகில் பதினேழாவது ஸ்லெட் நடந்தது.

மாணவர்களைக் கொண்டு ஒரு செயல்விளக்கம்

கண்காட்சியின் ஒரு நாளில் உடற்கல்வி ஆசிரியரின் துணையோடு சிறிய செயல்விளக்கம் ஒன்றை நடத்தலாம். ஸ்லெட்டில் ஒவ்வொருவருக்கும் தரையில் ஓர் இடக்குறி இருந்தது. அந்த முறையையே பின்பற்றுங்கள். எட்டு வரிசையில் எட்டுப் பேராக 64 மாணவர்களை 2 மீட்டர் இடைவெளியில் நிறுத்த 14 மீட்டர் சதுரம் போதும். நூல் பிடித்து, சந்திப்புகளில் கோலப்பொடியால் குறியிடுங்கள். சுண்ணாம்புத் தூள் கண்ணில் பட்டால் எரியும் என்பதால் வேண்டாம். அசைவுகள் நான்குக்கு மேல் வேண்டாம். கை உயர்த்துதல், பக்கவாட்டில் சாய்தல், ஒரு முழங்காலில் அமர்தல், எழுதல் என்பவை போதும். முதல் வரிசை தொடங்கி இரண்டு எண்ணிக்கைக்குப் பின் அடுத்த வரிசை தொடங்கினால், அசைவு அலையாகப் பின்னோக்கிச் செல்லும். ஆளுக்கொரு சிவப்புத் துணி கொடுத்தால் அலை இன்னும் தெளிவாகத் தெரியும்.

பாதிப் பேர் செய்யும்போது மறுபாதியைப் பள்ளியின் மாடி வராந்தாவுக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு மாற்றுங்கள். கீழே நின்றபோது உணர்ந்ததும் மேலிருந்து கண்டதும் எப்படி வேறுபட்டன என்று ஒவ்வொருவரும் ஒரு பத்தி எழுதட்டும். அந்தப் பத்திகளில் நல்லவற்றை ஸ்ட்ராஹோவ் படங்களுக்கு அருகில் வையுங்கள். பிரமிடு கட்டுவதை இரண்டு அடுக்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மெத்தை விரிக்காமல் அதையும் செய்யக் கூடாது. காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிட்டால் வெயிலின் தொல்லை இராது.

எழுத்துப் பலகைகள் குறித்து இறுதியாகச் சில. ஒவ்வொரு படத்துக்கும் பெயர், வரைந்தவர், ஆண்டு ஆகியவை ஒரு வரியிலும், பார்க்க வேண்டிய ஒன்றைச் சுட்டும் குறிப்பு இரண்டு மூன்று வரிகளிலும் அமையட்டும். செக் பெயர்களைத் தமிழில் எழுதும்போது எந்த ஒலிப்பைத் தேர்ந்தாலும் எல்லாப் பலகையிலும் அதையே பின்பற்ற வேண்டும். டிர்ஷ் ஒரு பலகையில் டைர்ஸ் ஆகிவிட்டால் மாணவர்கள் இருவர் என்று எண்ணிக்கொள்வார்கள். எழுத்தின் உயரம் 1 சென்டிமீட்டருக்குக் குறையாமலும், பலகையின் நடுப்பகுதி பார்வையாளரின் கண் மட்டத்திலும் இருக்க வேண்டும்; தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் வருவதாக இருந்தால் ஓர் அடி இறக்கிக் கட்டுங்கள்.

கண்காட்சி முடிந்ததும் சன்போர்டுகளைப் பழைய வேட்டித் துணியால் இடையிட்டு, நிமிர்த்தி வைத்து, கரையான் ஏறாத அலமாரியில் பூட்டுங்கள். பலகைகளின் பின்புறம் வரிசை எண்ணை எழுதி, எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எது வர வேண்டும் என்ற வரைபடத்தையும் உறையிலிட்டு அவற்றோடு வைத்தால், தக்கலையிலோ குழித்துறையிலோ உள்ள வேறொரு பள்ளி இரவல் கேட்கும்போது அப்படியே எடுத்துக் கொடுக்கலாம்.